இடப்பக்கம்

காலை ஆறேகாலுக்குப் படகு கரை திரும்பியது. கடலில் பிடித்த கொடுவா மீன்களைக் கடலிலேயே விட்டாயிற்று. மரபணு மாற்றிய பண்ணைக் கொடுவாக்கள் ஆய்வுத் தொட்டியில் நின்றன. அவை கடலைத் தொடவே கூடாது. ஆய்வுக்காக ஒரே தொட்டியில் ஒன்றாக வளர்ந்ததால் இரண்டுக்கும் பார்வைக்கு வித்தியாசம் இல்லை. பண்ணை மீனுக்கு இடப்பக்கத் துடுப்பையும் கடல் மீனுக்கு வலப்பக்கத்தையும் நறுக்கியிருந்தார்கள். அதுதான் அடையாளம்; அதைப் பார்த்துத்தான் கடலுக்கு எது, தொட்டிக்கு எது என்று பிரித்தார்கள். பாதியை ஆய்வாளர் ஜெனோவா நறுக்கினாள். மீதியைச் சக ஆய்வாளன் செல்வின்.

“நான் நறுக்கும்போது ஒன்னுகூட துள்ளல, தெரியுமா? மல்லாக்கப் போட்டா பச்சப்புள்ள மாதிரி கெடக்கு,” என்று படகிலிருந்து இறங்கிக்கொண்டே சிரித்தான் செல்வின்.

ஜெனோவா முதுகு மேலிருக்கப் பிடித்துத்தான் நறுக்கியிருந்தாள். தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். புறங்கையைத் திருப்பினாள்.

“ஏ செல்வின், இடதுன்னு நீ நறுக்குனது மீனோட இடதா, ஒன்னோட இடதா?”