குறட்டைப் புகார்

“இவ குறட்டையில எனக்குத் தூக்கமே இல்ல மேடம். வேற ரூம் குடுத்துடுங்க.”

விடுதி மெஸ்ஸில், நர்சிங் படிக்கும் பெண்கள் அத்தனை பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து வார்டனிடம் இதைச் சொன்னாள் நெட்டை. பக்கத்தில் தட்டோடு நின்ற சிட்டுவுக்கு முகம் செத்துப்போனது.

மூலையில் யாரோ குறட்டை விட்டுக் காட்ட, மேசைக்கு மேசை சிரிப்பு.

வார்டன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “சாப்பிட்டுட்டு என் ரூமுக்கு வா” என்று நெட்டையிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அன்று சாயங்காலமே, வார்டன் தந்த தனி ரூமுக்குப் போக நெட்டை பெட்டியைக் கட்டினாள். சிட்டு வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“நான் குறட்டை விடுறேனா?”

“ஆமா.”

“ரெண்டு வருஷமா இல்லாத குறட்டை இப்ப எங்கேர்ந்து வந்துச்சு?”

“தள்ளுடி, வழிய விடு.” நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

எத்தனை ராத்திரி இவளுக்காக முழித்திருக்கிறாள் சிட்டு! அவசரப் பிரிவில் டியூட்டி போட்டிருந்தபோது, நெட்டையின் கையைப் பிடித்தபடியே ஒரு சின்னப் பெண் இறந்துபோனாள். அன்றிலிருந்து தூக்கத்தில் அலறிக்கொண்டு எழுந்துவிடுவாள் நெட்டை. முதுகைத் தடவிக் கொடுத்து, அவள் மறுபடி கண்ணயரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தது சிட்டுதான். “உன் தூக்கம் கெடுதேடி” என்று நெட்டை சொன்னால், “நான் எப்படியும் படிச்சிட்டுத்தானே இருந்தேன்” என்று புளுகியும் வைப்பாள்.

அந்தத் தூக்கக்கேட்டில்தான் போன வாரம் ஒரு நோயாளியின் மாத்திரையை அடுத்த கட்டில்காரரிடம் நீட்டிவிட்டாள் சிட்டு. ஸ்டாஃப் நர்ஸ் பாய்ந்து பிடுங்கியதால் தப்பித்தார் மனுஷர். வார்டே வேடிக்கை பார்க்க சிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டபோது, கூட நின்ற நெட்டை வாயே திறக்கவில்லை. இப்போது இது வேறு.

‘இவளுக்கா பாவம் பார்த்தேன்’ என்று பொருமியபடி படுத்தவள், அடித்துப்போட்டதுபோல் தூங்கினாள். அடுத்தடுத்த நாட்களிலும் அப்படித்தான்.

“இப்பத்தான் மூஞ்சில உசுரு வந்திருக்கு” என்றார் அதே ஸ்டாஃப் நர்ஸ். சிட்டு பிசகாமல் ஊசி போட்டாள். மாத்திரை எதுவும் கட்டில் மாறிப் போகவில்லை. ஆனால் நெட்டை எதிரே வந்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புதிதாக வந்த ரூம்மேட்டிடம் ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “என் குறட்டை ரொம்பத் தொந்தரவா இருக்கா?”

“குறட்டையா? நீ மூச்சு விடுறதே தெரியல. நான்தான் அப்பப்ப எட்டிப் பார்த்துக்கிறேன், இருக்கியா போயிட்டியான்னு.”

சிட்டு நேராக வார்டனிடம் போய் நின்றாள். “மேடம், தனி ரூமுக்காக அவ பொய் சொல்லியிருக்கா. என்னை எல்லார் முன்னாடியும் கேவலப்படுத்திட்டா.”

“பொய்தான். அன்னைக்கே எங்கிட்ட ஒத்துக்கிட்டா” என்றார் வார்டன். “உக்காரு.”

சிட்டு உட்காரவில்லை.

“அந்த மாத்திரை மாறுனதப் பார்த்ததுலேர்ந்து அவ ஆடிப்போயிட்டா. ‘எனக்காக முழிச்சு முழிச்சு இப்படி ஆயிட்டா மேடம். நிஜத்தச் சொன்னா என்னை விட்டு நகர மாட்டா. கோவம் வந்தாத்தான் விடுவா’ன்னு இங்க நின்னு ஒரே அழுகை.”

சிட்டு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அப்ப… அவ இன்னும் அலறுறாளா மேடம்?”

“டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிட்டிருக்கேன். இப்பக் கொஞ்சம் தேவல.” வார்டன் குரலைத் தாழ்த்தினார். “மோட்டார் ரூமை ஒட்டின ரூம்தான் வேணும்னு அடம் பிடிச்சா, அந்தச் சத்தத்துல அலறினா யாருக்கும் கேக்காதாம். நான்தான் என் ரூமை ஒட்டினதக் குடுத்தேன். யாருக்காவது கேக்கணும்ல?”