நாங்க மட்டுந்தான்

செல்போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தாயிற்று. ஸ்பீக்கரும் போட்டாயிற்று.

அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மூன்று மாதக் குழந்தை.

எதிரே சோபா நிறைய சனம். மாமியார், மாமனார், நாத்தனார் சுகந்தி, புருஷன் பூபதி. பெண் பார்க்க வந்த அன்றுகூட இவ்வளவு ஆர்வமாக உட்கார்ந்ததில்லை. மிக்சர் தட்டு ஒன்றுதான் குறை.

ஏற்பாடு பூபதியுடையது. பிள்ளை பெற்ற பெண்கள் மனசு விட்டுப் பேசுவதற்காக அவன் கம்பெனியில் ஒரு ஆலோசகரை வைத்திருக்கிறார்கள். ஊழியர் மனைவிக்கும் உண்டு. இலவசம். ஓசி என்றால் ஃபினாயிலையும் குடிக்கிற குடும்பம், இதை விடுமா?

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். மொட்டை மாடியைப் பற்றி இன்று யாரிடமாவது சொல்லிவிட வேண்டும்.

குழந்தைக்கு இளவெயில் காட்ட தினமும் காலையில் அவளை மாடிக்கு அனுப்புகிறார்கள். கைப்பிடிச் சுவர் இடுப்பு உயரம். ஒன்பது நாளாக, அதன் பக்கத்தில் நின்றால் தன் கைகள் தன் பேச்சைக் கேட்காமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

திரையில் ஆலோசகர் அம்மாள் சிரித்தார்.

"தனியா இருக்கீங்களாம்மா?"

"தனியாத்தானுங்க இருக்கா," என்றாள் மாமியார். "நாங்க மட்டுந்தான் கூட இருக்கறோம்."

நாலு பேரும் தலையாட்டினார்கள். பொய் சொல்கிறோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பொய்யாக இருந்தால்கூடக் கொஞ்சம் மதித்திருப்பாள்.

"நல்லாத் தூங்குறீங்களா?"

"கும்பகர்ணன் தோத்தான் போங்க," என்றாள் சுகந்தி.

"சாப்பாடு?"

மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு, நேற்று வைத்த பூண்டுக் குழம்பைப் பற்றிச் சொன்னார். அதில் முக்கால்வாசியை அவரே ஊற்றிக்கொண்டதைச் சொல்லவில்லை.

"மனசு பாரமா இருக்காம்மா?"

"அவளுக்கென்னங்க பாரம்? துணி தொவைக்கக்கூட மெசின் இருக்குது," என்றான் பூபதி. வாங்கிக் கொடுத்தவன் அல்லவா.

பந்திக்கு முந்துகிற மாதிரி அவளுடைய துக்கத்துக்கும் முந்துகிறார்கள். இவர்களைக் கட்டிக்கொண்டு ஒரு ஆயுள்.

"குழந்தையைப் பாக்கும்போது என்ன தோணுது?"

"அப்படியே எங்க மாமியா சாடைங்க," என்று ஆரம்பித்தாள் மாமியார்.

அவள் எழுந்தாள்.

குழந்தையை மாமியாரின் மடியில் போட்டாள். போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

"பாருங்க, பாருங்க. அந்த மேடம் நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?" வெளியே சுகந்தி கத்தினாள்.

பூபதி கதவைத் தட்டினான்.

பேச்சு வெளியே போகாமலிருக்கக் குழாயைத் திறந்துவிடலாம் என்று கை போனது. திறக்கவில்லை. கேட்கட்டும்.

"இப்பத்தான் மேடம் தனியா இருக்கேன்."

"சொல்லுங்கம்மா."

சொன்னாள். சுவரை, கைகளை, கீழே தெரிகிற சிமெண்டுத் தரையை. குரலைத் தாழ்த்தாமல், ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

வெளியே தட்டுகிற சத்தம் எப்போது நின்றதென்று தெரியவில்லை.

"நல்லவேளை சொன்னீங்க," என்றார் அந்த அம்மாள். "நாளைக்கு மாடிக்குப் போக வேண்டாம். இன்னிக்கே நாம நேர்ல பாத்துக்கலாமா?"

அவள் பதில் சொல்வதற்குள் யாரோ தடதடவென்று மாடிப்படி ஏறினார்கள்.

மேலே இரும்புக் கதவு அடைபட்டது. பூட்டு விழுந்தது.

அதை இழுத்துப் பார்த்தார்கள்.

மறுபடியும் இழுத்துப் பார்த்தார்கள்.