கேப்டன் பேசவில்லை

ஹெட்போன் பழுதாகிவிட்டது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள்.

காதில் ஒரு குரலும் இல்லை.

திரையில் அவளுடைய அணியின் மற்ற நான்கு பேரும் செத்துக் கிடந்தார்கள். எதிரே துருக்கி அணியில் ஒருவன் மிச்சம். இந்தப் பக்கம் அவள் மட்டும்.

செத்த நால்வரும் நிஜத்தில் அவளுக்குப் பக்கத்திலேயே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், கணினி விளையாட்டுப் போட்டியின் மேடைமேல், ஆறாயிரம் பேருக்கு முன்னால். அடுத்த நாற்காலியில் கேப்டன் எபினேசர்.

எபினேசர் பேசவில்லை என்றால் கருவிதான் கெட்டிருக்க வேண்டும்.

தூத்துக்குடிக்காரன். வாய் ஓயாது. யார் எங்கே போக வேண்டும், எப்போது சுட வேண்டும் என்று சொல்வது கேப்டனின் வேலை, அதை ஒத்துக்கொள்ளலாம். ஆனால் அவன் செத்த பிறகும் சொல்லிக்கொண்டிருப்பான். செத்தவர் பேசக் கூடாது என்பது இந்த ஆட்டத்தில் எல்லா அணிக்கும் உள்ள கட்டுப்பாடு. கடைசியாக உயிரோடு இருப்பவருக்கு எதிரியின் காலடிச் சத்தம் கேட்க வேண்டும் அல்லவா? பயிற்சி அறையில் அதைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியவனே எபினேசர்தான். தனக்கு மட்டும் விதிவிலக்கு என்று நினைப்பு.

நேற்றும் இதே மாதிரி அவள் ஒருத்திதான் மிஞ்சினாள்.

"ஏட்டி இசக்கி, எடது பக்கம் வாரான்! எடது பக்கம்!"

அவள் இடது பக்கம் திரும்பினாள். எதிரி வலது பக்கம் வந்தான். காலடிச் சத்தம் கேட்டிருக்கும், எபினேசரின் தொண்டை மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால்.

தோற்றார்கள். எபினேசர் ஒரு 'சாரி' கூடச் சொல்லவில்லை. ஓட்டலுக்குப் போகும் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே ஜகார்த்தாவைப் பார்த்துக்கொண்டே வந்தான். இன்று காலை அவனுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும்போதும் அவளுக்குக் கோபம் தீரவில்லை.

இன்னொரு தோல்விக்கு இடமில்லை. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. இந்தச் சுற்றை எடுத்தால் கால் இறுதி. விட்டால் நாளைக்கு விமானம்.

மறுபடி கவனித்தாள்.

மிக மெல்ல ஒரு மூச்சு கேட்டது. மூக்கால் விடும் மூச்சு.

கருவி நன்றாகத்தான் இருந்தது.

ஓரக்கண்ணால் பார்த்தாள். எபினேசர் டி-ஷர்ட்டின் கழுத்துப் பட்டையை வாய்க்குள் திணித்துப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான். முகம் சிவந்திருந்தது. கண் மட்டும் அவளுடைய திரையிலேயே இருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

குண்டு அவள் காலடியில் இருந்தது. துருக்கி அணி வைத்த குண்டு; அது வெடிக்காமல் தடுத்துவிட்டால் சுற்று இவர்களுக்கு. வெடிக்கப் பத்து வினாடி. செயலிழக்க வைக்க ஏழு வினாடி, அதுவரை ஒரே பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். தொட்டதுமே சத்தம் கேட்கும். எங்கே ஒளிந்திருந்தாலும் எதிரிக்குக் கேட்கும்.

அந்தச் சத்தத்தை வைத்து எபினேசர் ஒரு தந்திரம் கட்டியிருந்தான். தொடு, இரண்டே வினாடியில் விட்டுவிடு, துப்பாக்கியை எடு. சத்தம் கேட்டு எதிரி பதறி வெளியே வருவான். சுடு. எட்டு மாதம் இதைத்தான் பழகினார்கள். இன்றைக்கு மட்டும், முந்தைய சுற்றுகளில், அவள் மூன்று முறை செய்துவிட்டாள்; செத்தவர்கள் அடுத்த சுற்றில் மறுபடி உயிரோடு வந்துவிடுவார்கள். மூன்று முறையும் பதறி வந்து செத்தவன் இதோ மிஞ்சியிருக்கிற இவனேதான்.

எபினேசர் இப்போது வாயைத் திறந்தால் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். தொடு, விடு, சுடு. அவளும் அப்படியே செய்துவிடுவாள். யாராவது சொன்னால் செய்துவிடுகிற பழக்கம் அவளுக்கு.

யாரும் சொல்லவில்லை.

நாலாவது முறையும் ஒருவன் ஏமாறுவானா?

அவள் பொத்தானை அழுத்தினாள்.

ஒன்று.

இரண்டு. விரல் தானாக எழப் பார்த்தது. அழுத்திப் பிடித்தாள்.

மூன்று. காலடிச் சத்தம். வலது பக்கம். துல்லியமாகக் கேட்டது, ஒவ்வொரு அடியும். சுவர்வரை வந்து நின்றுவிட்டது.

அவள் விரலை எடுப்பாள் என்று காத்திருக்கிறான். இதுவும் பழைய ஏமாற்றுத்தான் என்று வெளியே வராமல் இருக்கிறான்.

நான்கு. துப்பாக்கி அவள் கையில் இல்லை. இப்போது அவன் எட்டிப் பார்த்தால் எல்லாம் முடிந்தது.

பக்கத்து நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. பேச்சு வரவில்லை.

ஐந்து.

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் இந்த முடிவு தன்னுடையது என்பதில் ஒரு சந்தோஷமும் இருந்தது, இந்த நேரத்தில் போய்.

ஆறு.

சுவருக்கு அந்தப் பக்கம் அவன் இன்னும் காத்துக்கொண்டிருந்தான்.