துறைமுகத்துப் பக்க யன்னல்

“அந்த யன்னலைக் கல்லு வைச்சு மூடிவிடுங்கோ, பிள்ளை.”

வீட்டுக்காரர் பாக்கியரத்தினம் இப்படிச் சொன்னதும் தர்சிகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இந்த வீடே அந்த யன்னலுக்காகக் கட்டிய வீடு. திருகோணமலையில் தர்சிகா நடத்தும் கட்டடக்கலை நிறுவனத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சுற்றுப்புறத்தைக் கேட்காமல் ஒரு கோடு கீறமாட்டார்கள். காற்று எந்தப் பக்கம், வெயில் எந்தப் பக்கம், எந்த மரத்தைத் தறிக்காமல் விடலாம் என்று பார்த்துப் பார்த்துத்தான் வரைவார்கள். இந்த வளவில் எல்லாமே துறைமுகத்துப் பக்கம்தான் கையைக் காட்டின. அதனால் மேல்மாடியில் சுவர் முழுக்க ஒரே யன்னல் வைத்தாள்.

ஜேர்மனியில் இருந்து மனிதர் எத்தனை தரம் போன் கோல் எடுத்துக் கேட்டிருப்பார்!

“கப்பல் தெரியுமோ, பிள்ளை? கட்டில்ல படுத்துக்கொண்டும் பாக்கலாமோ? இஞ்ச யன்னலைத் திறந்தால் பக்கத்து மாடியின்ர சுவர்தான்.”

அவருடைய ஏக்கம் அவளுக்கும் தொற்றிவிட்டது. போன கிழமை விடுமுறையில் வந்து இறங்கியவர், பெட்டியைக்கூடத் திறக்காமல் மேலே ஏறி நின்றார். சாப்பிடக் கூப்பிட்டும் இறங்கவில்லை. அதைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கியது.

அந்த மனிதர்தான் இப்போது சுவர் கேட்கிறார்.

“ஏன் அங்கிள்?”

“கீழ பஸ்மியா வீடு. அவையின்ர முற்றம், கிணத்தடி எல்லாம் தெரியுது. அது சரிவராது.”

ஓகோ, கதை இதுதானா! தர்சிகாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இத்தனை வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தும், பக்கத்தில் ஒரு முஸ்லிம் வீடு தெரிந்தால் இவருக்கு ஆகாதாம்.

“அவை உங்களுக்கு ஏதும் கரைச்சல் தந்தவையோ?”

“சீச்சீ, நல்ல சனம்.”

நல்ல சனமாம், ஆனால் கண்ணில் படக்கூடாதாம்!

“கீழ்ப்பாதியை மட்டும் மறைப்பம், அங்கிள். கடல் தெரியும், வீடு தெரியாது.”

“எட்டிப் பாத்தால் தெரியும். முழுக்க மூடுங்கோ.”

இனி இவரோடு கதைத்துப் பிரயோசனமில்லை. தர்சிகா மேசனைக் கூப்பிட்டாள்.

“அண்ணை, சீமெந்து குழைச்சு நல்லா இறுக்கிக் கட்டுங்கோ. ஐயாவுக்கு ஒண்டும் தெரியக்கூடாதாம்.”

“ஐயோ, சீமெந்து வேண்டாம்!” பாக்கியரத்தினம் பதறினார். “கல்லைச் சும்மா அடுக்கினால் காணும். தை மாதம் எடுக்க வேணும்.”

“தையில நீங்கள் இஞ்ச இருக்கமாட்டீங்களே. கார்த்திகையில எல்லோ பிளைட்?”

“ஓம்.”

“பிறகு எப்ப வருவீங்கள்?”

“ஆருக்குத் தெரியும்? எனக்கும் வயசு போகுது.”

தர்சிகாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“அப்ப தையில என்ன, அங்கிள்?”

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“பஸ்மியாவின்ர மனிசன் போன மாதம் மௌத்தாப் போனவர். அவ மனிசனுக்காகத் துக்கம் காத்து இத்தா இருக்கிறா, பிள்ளை. தையிலதான் முடியும். அதுவரைக்கும் வெளி ஆம்பிளையளின்ர கண்ணில படக்கூடாது. நான் இதில வந்து நிண்ட நாள் தொடக்கம் அவ கிணத்தடிக்கு வரவேயில்லை.”

தர்சிகாவுக்கு முகம் சிறுத்துப் போனது. காற்றையும் வெயிலையும் மரத்தையும் கேட்டு வீடு கட்டியவள், பக்கத்து வீட்டை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“அதுக்குக் கல்லு ஏன், அங்கிள்? ஒரு திரை போட்டால் போதுமே,” என்றாள் மெல்ல.

அவர் துறைமுகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“திரையெண்டால், ஆசை பொறுக்கேலாமல் நான் விலக்கிப்போடுவன், பிள்ளை.”