ஊட்டிக்குப் பதினெட்டு கிலோமீட்டர்

சாத்தூர் தாண்டியதும் சோலைராஜ் தன்னுடைய சன்னலோர சீட்டை அருண்பாண்டியனுக்கு விட்டுக்கொடுத்தான்.

மூன்று வருஷமாக டவுன் பஸ்ஸில் இதே மாதிரி ஒரு சீட்டுக்காகச் சட்டைப் பித்தான் தெறிக்கச் சண்டை போட்டவன்.

தன் அப்பா செத்துப்போனதே தெரியாத ஒருவன் தருவதை வாங்கிக்கொள்வது முறையா என்று அருண்பாண்டியன் கொஞ்ச நேரம் யோசித்தான். காற்று நன்றாக வந்தது. நகர்ந்து உட்கார்ந்துகொண்டான்.

காலையில்தான் குன்னூர் லாட்ஜுக்குப் போன் வந்தது.

கெமிஸ்ட்ரி மூன்றாம் வருஷம் மொத்தமும் ஸ்வெட்டர் போட்டு, மங்கி குல்லா மாட்டி, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு ஊட்டி. மறுநாள் கோத்தகிரி. குன்னூரில் அதுவரை பார்த்திருந்தது ஒரு பூங்கா, ஒரு தேயிலை ஃபேக்டரி, அதன் வாசலில் படுத்திருந்த சடை நாய்.

பஸ் மேலே ஏறாமல் கீழே இறங்க ஆரம்பித்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எழுந்து முன்னால் போய்க் கேட்டது அருண்பாண்டியன் ஒருவன்தான்.

வேணுகோபால் சார் அவனை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அவன் தலைக்கு மேலே பார்த்தார்.

"நம்ம சோலைராஜ் இருக்காம்லா... அவங்க அப்பா தவறிட்டாருப்பா. ஊரு போற வரைக்கும் அவன்ட்ட மூச்சு விட்டுராத. நீ அவன் பக்கத்துலயே இரு, என்ன?"

வருத்தம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. குளிரில் காது மரத்திருந்த மாதிரி உள்ளேயும் மரத்துத்தான் இருந்தது. வந்தது ஒரே ஒரு யோசனை: அந்த மனுஷன் இன்னும் இரண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? ஊட்டி பதினெட்டு கிலோமீட்டர்தானே.

இத்தனைக்கும் தெரியாத ஆள் இல்லை. எப்போதும்வென்றான் கிராமத்தில் பருத்தி போடுகிறவர். அருண்பாண்டியனின் அப்பாவுக்கு நல்ல சிநேகிதர். கோவில்பட்டிக்கு எந்த வேலையாக வந்தாலும் அருண்பாண்டியன் வீட்டில் காபி குடிக்காமல் பஸ் ஏற மாட்டார். பெரிய மீசை. அந்த மீசைக்கு மேலாகத் தாடைக்கட்டு எப்படிக் கட்டியிருப்பார்கள் என்று மலை இறங்கி முடியும் வரை யோசித்துக்கொண்டு வந்தான்.

கொடுத்த பொறுப்பில் குறை வைக்கவில்லை. வழியெல்லாம் ஜோக் சொன்னான். சோலைராஜ் ஒவ்வொன்றுக்கும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக. வீடியோ போட வேண்டாம் என்று சார் சொல்லிவிட்டதால் பஸ்ஸில் வேறு சத்தமே இல்லை.

டீக்கு நிறுத்திய இடத்தில் தைலக் கடை இருந்தது. முட்டுவலிக்கு ஊட்டித் தைலம் ஒரு பாட்டில் வேண்டும் என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். ஊட்டிதான் இல்லை, தைலமாவது இருக்கட்டும் என்று வாங்கினான். மூடி சரியாகத் திருகவில்லை.

"ஏலே, உங்க அய்யாவுக்கு ஒண்ணு வாங்கலியா?"

நடிப்பென்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அவனுக்கே பட்டது.

சோலைராஜ் அந்தப் பாட்டிலையே பார்த்தான். "இப்ப எதுக்கு மக்கா அது? காசக் குடுத்திட்டு வா."

கஞ்சப் பயல், என்று நினைத்துக்கொண்டு பாட்டிலைத் தன் பையில் போட்டான்.

மதுரைக்குப் பக்கத்தில் சத்யபிரியா எழுந்து வந்து அவன் கையில் இரண்டு கடலைமிட்டாய் வைத்துவிட்டுப் போனாள். மூன்று வருஷத்தில் அவனிடம் ரெக்கார்டு நோட்டுக்கூட வாங்காதவள். அடுத்த வீட்டுத் துக்கத்தைச் சுமப்பவனுக்கு ஒரு களை வரும் போலிருக்கிறது என்று முகத்தைச் சன்னல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டான்.

இப்போது கோவில்பட்டி வந்துவிட்டது. எதிர்வெயிலில் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் வேலை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

எட்டயபுரம் ரோட்டில் திரும்பினால்தான் எப்போதும்வென்றான். பஸ் திரும்பவில்லை.

டிரைவர் வெளியூர்க்காரர், பாவம். சொல்லலாம் என்று எழுந்தான். சோலைராஜ் அவன் தொடையில் கையை வைத்து அழுத்தி உட்கார வைத்தான். கையை எடுக்கவில்லை.

பஸ் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு போய், அருண்பாண்டியன் வீட்டுத் தெருமுனையில் நின்றது.

அங்கே சோலைராஜின் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

அதே மீசை. எப்போதும் தோளில் கிடக்கிற துண்டை இடுப்பில் கட்டியிருந்தார்.

காலையிலிருந்து மரத்துக்கிடந்த இடத்தில் அருண்பாண்டியனுக்கு அப்போதுதான் ஏதோ அசைந்தது. சந்தோஷம். நிஜமான சந்தோஷம். போனில் எவனோ உளறியிருக்கிறான். மனுஷன் குத்துக்கல் மாதிரி நிற்கிறார்.

"ஏலே, உங்க அய்யா நல்லாத்தாம்ல இருக்காரு!" என்று கத்திவிட்டுத் திரும்பினான்.

பஸ்ஸில் ஒருத்தரும் அவனைப் பார்க்கவில்லை. வேணுகோபால் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

சோலைராஜ் எழுந்து நின்று, மேலே கைநீட்டி, ஒரு பையை இறக்கினான்.

பையின் அடிப்பக்கம் நனைந்திருந்தது. பஸ் முழுக்கத் தைல வாசனை.