ஒரு கைதட்டல் போதும்

சோலைக்காட்டின் அந்தப் பக்கத்துக்கு இரண்டு காவல்காரர்கள். அருகி வரும் சிங்கவால் குரங்குகளைக் காப்பது லூர்துவின் வேலை. அவற்றைவிட அருகிப்போன ஒரு பாட்டுக்குருவியைக் காப்பது அவர் மச்சினன் ஆரோக்கியத்தின் வேலை. ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிடுவார்கள். ஆனால் சோற்றில் கை வைத்ததும், உன்னுடையது அரிதா என்னுடையதா என்று சண்டை தொடங்கிவிடும்.

அன்று காலை வயிறு பெருத்த ஒரு பெண்குரங்கு நேராகக் குருவிக்கூட்டை நோக்கி ஏறியது. கைதட்டி விரட்ட ஆரோக்கியம் கையைத் தூக்கினான். அதற்குள் லூர்து அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"வேணாம் மாப்ள. மாசமா இருக்கு. பயந்து விழுந்துச்சுன்னா குட்டி போயிரும்."

"விடுங்க மச்சான்! இந்தக் காட்டுலயே அது ஒண்ணுதான் கூடு!"

அவர் விடவில்லை. குரங்கு முட்டைகளை உடைத்து உறிஞ்சியது, ஓடுகளையும் நக்கியது.

"பிள்ளத்தாச்சிக்கு நல்ல சத்து" என்றபடி லூர்து பிடியைத் தளர்த்தினார்.

மத்தியானம் அவர் மரத்தடியில் கண்ணயர்ந்திருந்தார். அதே குரங்கு சாலையோர மின்கம்பத்தில் ஏறி, உச்சியிலிருந்த கம்பிக்குக் கை நீட்டியது. ஒரு கைதட்டல் போதும், மிரண்டு இறங்கிவிடும். ஆரோக்கியம் குரங்கைப் பார்த்தான். குறட்டை விடும் மச்சானைப் பார்த்தான். வெறுங்கூட்டின் விளிம்பில் வந்து உட்கார்ந்த குருவி எப்போதும்போல் பாட ஆரம்பித்தது.

காலையில் லூர்து பிடித்த அதே இடத்தில், அவன் தன் மணிக்கட்டைத் தானே இறுகப் பிடித்துக்கொண்டான்.