மூன்றாம் மாடிக் கம்பி

கம்பியை யாரோ வெட்டியிருந்தார்கள்.

தானாக அறுந்ததல்ல. கட்டிங் பிளேயர் வைத்து, நறுக்கென்று, நேர்க்கோட்டில் வெட்டிய வெட்டு. மூன்றாம் மாடியில் ஏணியின் உச்சியில் நின்று, கூரையடியில் டார்ச்சைப் பிடித்தபடி உலாமிலா அதையே பார்த்தாள். மணி ஒன்பதே முக்கால். பத்து மணிக்குத் தீயணைப்பு ஆய்வாளர் வருகிறார்.

பிஜித் தலைநகர் சுவாவில் அவள் சொந்தப் பெயரில் எடுத்த முதல் வேலை. வெளித்தீவுகளிலிருந்து படிக்க வரும் அறுபத்துநாலு பெண்களுக்கான புது விடுதி. மாடிக்கு மூன்றாக ஒன்பது மானிட்டர் மாட்யூல். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலப் பெட்டி. தீப்பிடித்துக் கூரையடிக் குழாயில் தண்ணீர் பாய்ந்தால், குழாயில் உள்ள சுவிட்ச் அசையும். கம்பி வழியாக மாட்யூலுக்குச் சேதி வரும். மாட்யூல் வாசலில் இருக்கும் பேனலுக்குச் சொல்லும். மணி அடிக்கும்.

அவளுடையது தற்காலிக லைசென்ஸ். முதல் வேலையில் தேறாவிட்டால் பறித்துக்கொள்வார்கள்.

யார் வெட்டியது?

உலாமிலா யோசித்தாள். கம்பி அறுந்தால் பேனல் சும்மா இருக்காது. அந்த நொடியே பச்சை அணைந்து மஞ்சள் எரியும். கிட்டே போனால் பீப் பீப் என்று மெல்லிய சத்தமும் கேட்கும். உள்ளே வரும்போது பார்த்தாளே, பச்சை. ஆகவே வெட்டு விழுந்தது இந்தப் பத்து நிமிடத்துக்குள். ஆகவே வெட்டிய ஆள் இன்னும் இங்கேதான் இருக்கிறார். தர்க்கசாஸ்திரத்தைக் கரைத்துக் குடித்தவர்கள்கூட இதில் குறை சொல்ல மாட்டார்கள்.

இங்கே அவளைத் தவிர இருப்பது ஒரே ஆள், விடுதியின் காவல்காரர் ருசியாத்தே. "மூணாம் மாடியை ஒரு எட்டு பாத்துடு" என்று காலையில் அனுப்பி வைத்ததும் அவரேதான்.

பின்படிக்கட்டில் தடதடவென்று இறங்கினாள். கொல்லைப்புறத்தில் ருசியாத்தே உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே, ஒளிவுமறைவில்லாமல், கட்டிங் பிளேயர்.

"பெரியவரே, கம்பியை வெட்டினது நீங்கதானே?"

"ஆமா."

இல்லை என்பார், மடக்கலாம் என்று நான்கு கேள்விகள் தயார் செய்து வைத்திருந்தாள். நான்கும் வீண்.

"ஆமாவா! வெக்கமா இல்ல? நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?"

"கண்டவுத் தீவுக்காரிக்கு வாய் நல்லாத்தான் இருக்கு. மூச்சு விட்டுட்டுப் பேசு."

"பொம்பளை ஏணி ஏறினது பொறுக்கலையா? இல்ல, இந்த வேலை உங்க மச்சானுக்குப் போயிருக்கணுமா?"

"அவனா? அவன் ஒரு பல்பு மாட்டவே ரெண்டு ஆளு ஏணியைப் பிடிக்கணும்."

"சிரிக்காதீங்க! மேல படுக்கப் போறது அறுபத்துநாலு பொண்ணுங்க. அதுங்க உயிரோட விளையாடறீங்க!"

அவர் சிரிப்பு நின்றது. "அதான் எனக்கும் தூக்கம் வரல" என்றார்.

முன்பக்கம் கார் வந்து நிற்கும் சத்தம்.

"வந்துட்டாரு. அவர்கிட்டயே சொல்லுங்க, வாங்க!"

கட்டடத்தைச் சுற்றி இருவரும் முன்பக்கம் வந்தபோது, ஆய்வாளர் ஷியூ லால் கோப்பும் கையுமாக வாசலை நோக்கி வந்தார். கதவைத் திறக்கப் போன நேரத்தில், ருசியாத்தே அந்த வயதுக்குப் பொருந்தாத வேகத்தில் ஓடிப்போய்க் குறுக்கே நின்றார்.

"சார், உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு. மூணாம் மாடிக் கம்பியை நான் வெட்டிட்டேன்."

"என்னது? எப்போ?"

"இப்பத்தான் சார். ஒட்டடை அடிக்கப் போனேன். குறுக்கால தொங்குச்சு. வேண்டாத கம்பின்னு நெனச்சு..."

"உன் இடுப்புல சுலு வேட்டிகூடத்தான் தொங்குது. அதையும் வெட்டிக்குவியா?" ஷியூ லாலின் குரல் தெருமுனை வரை கேட்டது. "இது குத்தம், தெரியுமா? நிர்வாகத்துக்கு எழுதப் போறேன். வேலை போனாலும் போகும்."

"எழுதுங்க சார்."

ஷியூ லால் வாசல்படியிலேயே நின்று எழுதினார். பிறகு உலாமிலா பக்கம் திரும்பினார். "உன் மேல தப்பு இல்லம்மா. கம்பியைச் சேத்து வை. நாளைக்குப் பத்து மணிக்கு வரேன்."

அவருக்கு இன்னும் இரண்டு கட்டடம் பாக்கி. உள்ளே காலை வைக்காமலே கிளம்பிவிட்டார்.

கார் மறையும் வரை உலாமிலா பொறுத்தாள். "பண்றதையும் பண்ணிட்டு, ஒட்டடைன்னு பொய் வேற!"

"பொய்தான்." ருசியாத்தே வாசல்படியில் மெதுவாக உட்கார்ந்தார். "ஒட்டடை பொய். இப்பத்தான்னு சொன்னதும் பொய்."

"அப்படின்னா?"

"எலி கடிச்சாக்கூட பேனல் கத்தும்னு வார்டனம்மாகிட்ட நீ சொன்னியே, திங்கட்கிழமை. நீ கிளம்பினதும் ஏறி வெட்டிப் பாத்தேன். இன்னைக்கு வியாழன். உள்ள போய்ப் பாரு, உன் பச்சை விளக்கு இன்னும் எரியுது. அந்த ஆளு கதவைத் திறந்திருந்தா மொதல்ல அதைத்தான் பாத்திருப்பாரு. உன் லைசென்ஸ் அங்கேயே போயிருக்கும்."

உலாமிலா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பச்சை.

கம்பியின் கடைசி முனையில், சுவிட்சோடு சேர்த்து, அரிசிமணி அளவில் ஒரு ரெசிஸ்டர் மாட்ட வேண்டும். மின்சாரம் அதுவரை போய்த் திரும்புகிறதா என்று பார்த்துத்தான், கம்பி முழுசாக இருப்பதைப் பேனல் அறியும். கூரையடி இடுக்கில் கை நுழையவில்லை என்று, ஒன்பதையும் இந்தப் பக்கம் மாட்யூலுக்குள்ளேயே மாட்டி மூடியது அவள்தான். கம்பி இருந்தாலும் பச்சை, இல்லாவிட்டாலும் பச்சை.

"ஏன் அப்பவே எங்கிட்ட சொல்லல?"

"மூணு நாளும் கூப்பிட்டேன். 'அப்புறம் பேசலாம் பெரியவரே'ன்னு போயிட்ட."

அவள் ஏணியை எடுக்க உள்ளே போனாள். பின்னாலிருந்து அவர் குரல் வந்தது:

"சரி பண்ணி முடிச்சதும் கூப்பிடும்மா. மறுபடியும் வெட்டிப் பாக்கணும்."